நெடுஞ்சாலையோர உணவுக்கடைக்காரர்களுக்கு: சட்டியில் என்ன இருக்கிறது என்று எழுதி வையுங்கள்

வணக்கம்.

மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் ஓய்விடங்களிலும் பழைய சாலையோரத்திலும் சாப்பாட்டுக் கடை நடத்தும் முதலாளிமார்களுக்கும், அந்தக் கடைகளுக்கு இடம் கொடுத்து நிர்வகிக்கிறவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட்டில் வேன் ஓட்டுகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பத்துமலைக்கும் தண்ணீர்மலைக்கும் மாரான் மரத்தாண்டவர் கோயிலுக்கும் போவேன். கோலாலம்பூரில் மருத்துவமனை, ஜொகூர் பாருவில் கல்யாணம், தெலுக் இந்தானில் சாவு வீடு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். வண்டியில் ஏறுகிறவர்களில் யாராவது ஒருவர் சைவமாக இருப்பார். சாப்பாட்டு நேரம் வந்ததும் அவர் முகம் மாறிவிடும். "எனக்கு ஒண்ணும் வேணாம் தம்பி, நீங்க சாப்பிட்டு வாங்க" என்பார். பசி இல்லாமல் சொல்வதில்லை. இந்தக் கடையில் எதை நம்பிச் சாப்பிடுவது என்று தெரியாமல் சொல்கிறார்.

உங்களிடம் நான் தனிச் சமையலறை கேட்கவில்லை, புதுப் பதார்த்தமும் கேட்கவில்லை. நீங்கள் இன்று சமைத்திருப்பதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதைத் தட்டுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்கிறேன். அதோடு, கவிச்சி இல்லாத தட்டுக்கென்று ஒரு கரண்டியைத் தனியாக வைக்கச் சொல்கிறேன்.

முதலில், சைவம் கேட்கிறவர்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் முழுக்கச் சைவமாக இருக்கிற ஒரு சிலருக்காக எதற்கு இவ்வளவு என்று நீங்கள் நினைக்கக்கூடும். எங்கள் தோட்டப்புறத்தில் பெரும்பாலான வீடுகளில் மீனும் கோழியும் சமைக்கிறார்கள். ஆனால் அதே வீடுகளில் வெள்ளிக்கிழமை கவிச்சி இல்லை. புரட்டாசி முழுக்க இல்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர் வாரக்கணக்கில் விரதம் இருப்பார், அவருக்காக வீடே சைவமாகிவிடும். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் அப்படித்தான். வீட்டில் சாவு விழுந்தால் கருமக்கிரியை முடியும்வரை சைவம். மகனுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மீனை விட்ட தாய்மார்கள் இருக்கிறார்கள். மகன் நன்றாகி, வேலைக்குப் போய், பிள்ளை பெற்ற பிறகும் அவர்கள் மீனைத் தொடுவதில்லை. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த மக்கள் அதிகமாகப் பயணம் போவதே அந்த நாட்களில்தான். கோயிலுக்குப் போகும்போதுதான் விரதம், விரதத்தில் இருக்கும்போதுதான் கோயில் பயணம். அதனால்தான் உங்கள் கடை முன்னால் வந்து நிற்கும் வேன்களில் சைவம் கேட்கிறவர்கள் இத்தனை பேர்.

இப்போது உங்கள் கடைக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

மதிய நேரம், ஓய்விடத்தில் ஒரு கலவைச் சோற்றுக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் தட்டுகள் வரிசையாக இருக்கின்றன: கோழிக் குழம்பு, பொரித்த மீன், மாட்டு ரெண்டாங், கங்கோங் கீரை, முட்டைக்கோஸ், சோயாவில் செய்த தெம்பே, தவ்ஃபூ. என் வண்டியில் வந்த பாட்டி முட்டைக்கோஸைக் காட்டி, தோட்டத்தில் பேசிப் பழகிய மலாயில், "டிக், இனி அடா ஈக்கான்?" என்று கேட்கிறார். "தாக் அடா, மக்சிக்," என்கிறான் பையன், மரியாதையாகத்தான் சொல்கிறான். சோற்றின் மேல் ஒரு கரண்டி போடுகிறான். அந்தக் கரண்டி அதற்கு முன் கோழிக் குழம்பில் இருந்தது. அதன் விளிம்பில் சிவப்பாக எண்ணெய் ஒட்டியிருக்கிறது. பாட்டி மேசையில் வந்து உட்கார்ந்து முட்டைக்கோஸை விரலால் விலக்கிப் பார்க்கிறார். அடியில் காய்ந்த இறால், சின்னச் சின்னதாக, சுருண்டு கிடக்கிறது. தட்டை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டு, பையிலிருந்து பிஸ்கட்டை எடுக்கிறார்.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. மீன் இருக்கிறதா என்று கேட்டார்கள், அவன் கண்ணுக்கு மீன் தெரியவில்லை, இல்லை என்றான். சமைத்தவர் வேறு, பரிமாறுகிறவர் வேறு. பெரிய கடைகளில் மசாலாவை மொத்தமாக அரைத்து வைத்துக்கொள்கிறார்கள். மிளகாய், வெங்காயத்தோடு பெலாச்சான் என்கிற இறால் விழுதும் அதில் போய்விட்டால், அந்த அரைப்பு எந்தச் சட்டிக்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் இறாலும் போகிறது. முன்னால் நிற்கிற பையனுக்கு அது எப்படித் தெரியும்? பல கடைகளில் அவன் வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள், இந்த அம்மா கேள்வி கேட்கிறார், "இல்லை" என்று சொன்னால் வரிசை நகரும். ஆகவே பரிமாறுகிறவரைக் கேட்டுப் பயனில்லை. அடுப்படியில் நின்று சமைத்தவர்தான் சொல்ல வேண்டும். அவர் வாசலுக்கு வந்து ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதி வையுங்கள் என்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் காய்கறியாகத் தெரிவதில்தான் எங்களுக்குச் சிக்கல். கோழிக் காலை யாரும் தெரியாமல் சாப்பிடப் போவதில்லை. கங்கோங்கில் பெலாச்சான் இருக்கும். சாயூர் லோடே என்கிற காய்கறிக் குழம்பில் காய்ந்த இறால் இடித்துப் போட்டிருக்கும். நாசி லெமாக் சோற்றில் ஒன்றும் இல்லை, தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும்தான், சம்பலில் நெத்திலி. கீரை வதக்கலில் சிப்பிச் சாறு. பொப்பியாவுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியில் தெரியாது. உருளைக்கிழங்கு கறிபாப் என்று நம்பி வாங்கினால் உள்ளே நெத்திலியோ கோழியோ வரலாம். பருப்பு வடையை இறால் வடை பொரித்த அதே எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள். சிலருக்கு அது பரவாயில்லை, சிலருக்கு ஆகாது. அதை முடிவு செய்யும் உரிமை சாப்பிடுகிறவருக்கு இருக்கட்டும்.

நம் இந்தியக் கடைகளுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் பாட்டிமார்கள் வேறு எங்கும் நம்பாவிட்டாலும் உங்களை நம்புகிறார்கள். தோசை என்றால் சைவம் என்று நினைத்து உட்கார்கிறார்கள். தட்டில் தேங்காய்ச் சட்னி ஒரு குழி, பருப்பு ஒரு குழி, சம்பல் ஒரு குழி. அந்தச் சம்பலில் பல கடைகளில் நெத்திலி அரைத்திருக்கிறது. ரொட்டி சானாய்க்குக் குழம்பு ஊற்றுகிற இடத்தில் மூன்று பாத்திரங்கள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன: பருப்பு, மீன் குழம்பு, கோழிக் குழம்பு. காலை நேர அவசரத்தில் ஒரே கரண்டி மூன்றுக்கும் போய் வருகிறது. வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லாவிட்டால் பருப்போடு மீன் குழம்பையும் கலந்து ஊற்றிவிடுவது பழக்கமாகவே ஆகிவிட்டது. டால்ச்சாவில் கத்தரிக்காயும் பருப்பும் மேலே மிதக்கும், எலும்பு அடியில் கிடக்கும். எலும்பை ஒதுக்கிவிட்டு ஊற்றினால் அது சைவம் ஆகாது, அண்ணே. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் ஓர் அம்மா வெள்ளிக்கிழமைக்கென்று சட்டியைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்.

முன்பு இது இத்தனை சிரமமாக இல்லை. பழைய சாலைதான் எல்லாருக்கும் வழி. ஈப்போவிலிருந்து வடக்கே போகிற பஸ்ஸும் லாரியும் எங்கள் ஊருக்குள் நுழைந்துதான் கோலகங்சார் போக வேண்டும். சாப்பிட நிற்கிறவர்கள் ஊருக்குள் நிற்பார்கள். ஊரில் எந்தக் கடை சைவம், எந்தக் கடையில் எந்த நாளில் தனியாகச் சமைப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். 1994-இல் நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்த பிறகு வேகம் வந்தது, நல்லதுதான். மெனோரா சுரங்கம் வழியாகப் போனால் நேரம் மிச்சம். ஆனால் நெடுஞ்சாலையில் ஏறியவர் எங்கே சாப்பிடலாம் என்பது ஓய்விடங்களோடு முடிந்துவிடுகிறது. சைவக்கடை தேடி டோல் கட்டி வெளியே இறங்கி, பேட்டை பேட்டையாகச் சுற்றி, மறுபடி ஏறுவது எல்லாருக்கும் ஆகிற காரியமில்லை. போகிறவர்களுக்கு வேறு இடம் இல்லை என்பதால்தான் ஓய்விட நிர்வாகத்தையும் சேர்த்துக் கேட்கிறேன். கடையை வாடகைக்கு விடும்போது சுத்தத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் நிபந்தனை வைக்கிறீர்கள் அல்லவா, இதையும் ஒரு நிபந்தனையாகச் சேருங்கள்.

சாப்பிடாமல் வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது அதுதான். நம் மக்களில் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எந்தத் தோட்டத்தில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவரும் சில வகை மாத்திரை எடுக்கிறவரும் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சுக் குழறும். காலையில் வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிய அம்மா, தாப்பாவில் தட்டைத் தள்ளிவிட்டு வந்தால், ஓட்டுகிற எனக்குக் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வண்டியில் இனிப்பும் வாழைப்பழமும் வைத்திருக்கிறேன். ஆனால் அது அந்த நேரத்துக்கு ஆகும், மதியச் சாப்பாடு ஆகாது. விரதத்தை விட்டுவிட்டுச் சாப்பிடுங்கள் என்று அவரிடம் நான் சொல்ல மாட்டேன். அவர் நாக்கு ருசிக்காக அடம் பிடிக்கவில்லை, சாமிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார். ஒரு சின்ன அட்டை அங்கே இருந்திருந்தால் அவர் வாக்கும் நின்றிருக்கும், வயிறும் நிறைந்திருக்கும்.

சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு வரலாமே என்று கேட்கலாம். வருகிறார்கள். புளிச்சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், ஊறுகாய். காலையில் கட்டியது மதியத்துக்கு ஆகும். ராத்திரி திரும்பும்போது? இந்த வெயிலில் தேங்காய் சேர்ந்த எதுவும் மதியத்துக்குள்ளேயே வீச்சம் எடுத்துவிடும். சாவு வீட்டுக்கு அவசரமாகக் கிளம்புகிறவர் எங்கே புளிச்சோறு கிளறுவார்? வழியில் நல்லது கிடைக்காமலும் இல்லை. பீடோரில் கொய்யா, தம்புனில் பம்பளிமாஸ், ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே கடலை வகைகள். எல்லாம் நல்ல நொறுக்குத் தீனி. ஆனால் சோறு சாப்பிட்டு வளர்ந்த உடம்புக்கு ஒரு வேளைச் சோறு வேண்டும்.

எழுதி வைப்பது இந்த நாட்டுக்குப் புதுசு இல்லை. பொட்டலத்தில் விற்கிற ரொட்டியையும் பிஸ்கட்டையும் பின்பக்கம் திருப்பினால் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று போட்டிருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் அப்படிக் கேட்கின்றன. அதனால்தான் பாட்டிக்குப் பிஸ்கட் மேல் நம்பிக்கை. இந்தியாவிலிருந்து வருகிற பொட்டலங்களில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹலால். ஒரு முஸ்லிம் அன்பர் பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரை போனாலும், எங்கே சாப்பிடலாம் என்று சின்னத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். மனிதருடைய நம்பிக்கையும் தட்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பதை இந்த நாடு நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறது. மலாய்க்காரக் கடைக்காரர் ஒருவரிடம் "எனக்கு இது மதக் கட்டுப்பாடு" என்று சொன்னால் அவர் முகத்தில் உடனே ஒரு மரியாதை வருவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அவருக்கு அது என்னவென்று தெரியும். எங்கள் கட்டுப்பாட்டில் எது சேரும், எது சேராது என்பதுதான் தெரியாது. ஹலால் முறையில் அறுத்த கோழியும் எங்களுக்குக் கோழிதான் என்று சொன்னதும் அவர் சரியாகப் பிடித்துக்கொள்கிறார்.

சீனர்கள் செய்வதைப் பாருங்கள். அவர்களுடைய ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள் ஒன்பது பேரரசர் திருவிழா. பல ஆண்டுகளில் அது நம் புரட்டாசியை ஒட்டியே வரும். அந்த நாட்களில் சைவம் விற்கிற கடைகளில் மஞ்சள் கொடி கட்டிவிடுவார்கள். தள்ளுவண்டியாக இருந்தாலும் மஞ்சள் கொடி. தூரத்திலிருந்து பார்த்தாலே போதும், ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை. நானே அந்த நாட்களில் மஞ்சள் கொடியைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறேன். முட்டை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும், சில சீனச் சைவக் கடைகளில் முட்டை உண்டு. மற்றபடி, வெங்காயம் பூண்டு கூட இல்லாமல் அவ்வளவு சுத்தமாகச் செய்கிறார்கள்.

அட்டையில் என்ன எழுதலாம் என்று கேட்டால், நீளமாக எதுவும் வேண்டாம். "சைவம்" என்று மட்டும் போட்டால் ஆளாளுக்கு ஓர் அர்த்தம். மீன் இல்லை, இறால் இல்லை, பெலாச்சான் இல்லை, முட்டை இல்லை, இறைச்சி இல்லை என்று மலாயிலும் தமிழிலும் எழுதிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. தினமும் எழுத வேண்டாம். அந்த அட்டை எந்தத் தட்டுக்குப் பொருந்துமோ அதன் முன்னால் அன்றைக்கு வைத்தால் போதும். ஒரு கடையில் அப்படி இரண்டு தட்டுகள் இருந்தாலே ஒருவர் வயிறாரச் சாப்பிடலாம். தெம்பே இருக்கிறது, தவ்ஃபூ இருக்கிறது, இரண்டும் உங்கள் கடையில் ஏற்கெனவே உண்டு. தெம்பேயை மீன் பொரிப்பதற்கு முன்னால், எண்ணெய் புதிதாக இருக்கும்போதே பொரித்து எடுத்து வையுங்கள். முட்டைக்கோஸில் ஒரு பாதியை இறால் போடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். உலாம் என்று பச்சையாகத் தின்னும் இலைகள் இருந்தால் சம்பலைத் தனியாக வையுங்கள். பருப்பு ஒரு சட்டி, எலும்பு இல்லாமல். வேலை அதிகமாகாது, வரிசை மட்டும்தான் மாறுகிறது. எது தெரியாதோ, அதற்கு "தெரியாது" என்றே பதில் சொல்லும்படி பையன்களிடம் சொல்லி வையுங்கள். "தெரியாது" என்ற பதிலைக் கேட்டு யாரும் கோபப்பட மாட்டார்கள். "இல்லை" என்று கேட்டுச் சாப்பிட்ட பிறகு இறாலைப் பார்க்கும்போது படுகிற வேதனை வேறு.

கரண்டியை மறந்துவிடாதீர்கள். அட்டை எழுதி வைத்துவிட்டுக் கோழிக் கரண்டியால் அள்ளிப் போட்டால் எழுதியதற்கே பயனில்லாமல் போகும். சிவப்புக் கைப்பிடி, பச்சைக் கைப்பிடி என்று நிறம் மாற்றி வைத்தால் புதிதாக வந்த பையனுக்கும் குழப்பம் இருக்காது.

வியாபாரத்தை வைத்துப் பார்த்தாலும் இதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஒரு வேன் நிறைய ஆட்கள் வருகிறார்கள். அதில் ஒருவர் சைவம் என்றால், வண்டி அவர் சாப்பிடக்கூடிய இடத்தில்தான் நிற்கும். தமிழர்கள் வயதானவரைப் பட்டினி போட்டுவிட்டுப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கோழி சாப்பிட மாட்டார்கள். ஆக ஒரு பாட்டிக்கு நம்பிக்கையாக ஒரு தட்டு கொடுக்கிற கடைக்கு அந்த வேனே சொந்தம். என்னைப் போன்ற ஓட்டுநர்கள் எந்த இடத்தில் நிற்கலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம், அந்தப் பேச்சு தைப்பூசத்துக்கு முன்னால் பல வண்டிகளுக்குப் போய்ச் சேரும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். பரிமாறிய பிறகு கேட்காதீர்கள், அம்மா. தட்டில் விழுவதற்கு முன் கேளுங்கள். "சைவமா?" என்று ஒரே வார்த்தையில் கேட்காமல் மீன், இறால், முட்டை, கோழி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் போக முடிந்தால் போங்கள், பதினொன்றரை மணிக்கு அடுப்படியிலிருந்து அப்போதுதான் வந்த தட்டில் கரண்டிகள் இன்னும் கலந்திருக்காது. சரியாகச் செய்து கொடுத்த கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த வேனுக்கு அது உதவும்.

புரட்டாசி செப்டம்பர் நடுவில் பிறக்கிறது. அதற்குள் தொடங்கினால் அந்த மாதப் பயணக்காரர்களுக்கும், பிறகு தீபாவளிக்கு ஊர் திரும்புகிறவர்களுக்கும், தைப்பூசத்துக்குப் போகிறவர்களுக்கும் உதவியாக இருக்கும். அட்டையை மலாயிலும் தமிழிலும் எழுதித் தர எங்கள் ஊரில் கையெழுத்து அழகாக உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், பிளாஸ்டிக் உறை போட்டு நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். சுங்கை பேராக் ஓய்விடத்திலிருந்து தாப்பா வரைக்கும் எப்படியும் என் வண்டி போய் வந்துகொண்டுதான் இருக்கிறது. எத்தனை தட்டுக்கு வேண்டும் என்று மட்டும் நான் வரும்போது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வேன் ஓட்டுநர்